வாடை அடித்தால் கொழும்பு

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கடல்வழியில் ஏறத்தாழ 150 கடல் மைல். எங்கள் ஊருக்கு நேர் தென்கிழக்கில் இருக்கிறது கொழும்பு. வாடையோ வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்று. ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். போகும்போது காற்று தோணியின் இடது விலாவில் படும், திரும்பும்போது வலது விலாவில் படும். பாய்க் கப்பலுக்கு முதுகில் அடிக்கிற காற்றைவிட விலாவில் அடிக்கிற காற்றுதான் தோது. ஒரே காற்றில் போய், அதே காற்றில் திரும்பலாம். தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பு நடை ஓடியதற்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான். வெங்காயம், மிளகாய், கருவாடு, வியாபாரிகள், கடன், வட்டி எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தவை.

நான் தோணி ஏறியது எழுபதுகளில். தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கை ஏற்றி இறக்கத் தோணிகள் போய்வரும். 1974இல் புதிய துறைமுகம் வந்து, கப்பல்கள் கரையை அணைய ஆரம்பித்ததும், “இனி தோணிக்கு என்ன வேலை?” என்று ஊரில் பேசினார்கள். ஆனால் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் கேரளக் கரைக்கும் சின்னச் சின்ன வியாபாரிகளின் சரக்கை எடுத்துப்போகப் பெரிய கப்பல் வராது. அந்த இடம் தோணிக்கே இருந்தது. என் தாய்மாமா ஒரு தோணியில் தண்டல். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவராது என்று வீட்டில் முடிவானதும் அவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

தோணி என்றதும் ஆற்றுப் படகை நினைத்துவிடாதீர்கள். நூறடி நீளம், இருநூறு முந்நூறு டன் பாரம், பாய்மரங்கள், அடியில் ஏராக்கட்டை, அதிலிருந்து விலாவெலும்பு மாதிரி எழும்பும் வங்குகள் எல்லாம் உள்ள மரக்கப்பல் அது. பத்துப் பன்னிரண்டு பேர் ஓட்டுவோம். தண்டல் தலைவர். அவருக்கு அடுத்து சுக்கான் பிடிக்கிற சுக்கானி. பிறகு பாய்க்கும் கயிற்றுக்கும் பாரத்துக்கும் உரிய கலாசிகள். கடைசியில் பண்டாரி, அதாவது சமையல்காரன். புதிதாக ஏறுகிற பையனுக்கு அந்தக் கடைசி வேலைதான்.

பண்டாரி வேலையைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் ஆடுகிற தளத்தில் ஒரு நாள் சோறு வடித்துப் பார்க்க வேண்டும். மணல் நிரப்பிய மரப்பெட்டிக்குள் அடுப்பு. பானை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துக் கட்ட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கம் பெட்டியை நகர்த்த வேண்டும். ஒரு பொறி பறந்து கித்தான் பாயில் விழுந்தால் எல்லாரும் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது திசைகாட்டி இல்லை, அடுப்புப் புகை. குடிதண்ணீர்ப் பீப்பாய்க்குத் தண்டல்தான் காவல். குளியல், பாத்திரம் கழுவல் எல்லாம் கடல்தண்ணியில். சோறு, புளிக்குழம்பு, சுட்ட கருவாடு. ஓடுகிற தோணியின் பின்னால் விட்ட தூண்டிலில் சூரை மாட்டினால் அன்றைக்கு விருந்து.

அடுப்படியிலிருந்து கயிற்றுக்கு வருவதுதான் முதல் பதவி உயர்வு. பாயைத் தாங்கும் நீண்ட கட்டை பருமல். அதை மரத்தின் உச்சிக்கு ஏற்றுகிற கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டி, காற்றை உள்ளே பிடிக்கவும் வெளியே விடவும் உதவுவது தாமான். பெரிய பாயின் பருமலை ஏற்ற எல்லாரும் வேண்டும். ஒருவர் அம்பாப் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் பதில் குரல் கொடுத்து இழுப்போம். அந்தப் பாட்டு பொழுதுபோக்குக்குப் பாடினதில்லை. கப்பி வழியாக வரும் கயிற்றைப் பத்துப் பேர் ஒரே நொடியில் இழுத்தால்தான் பருமல் ஒரு சாண் ஏறும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் உள்ளங்கைத் தோல்தான் உரியும். பாட்டில் எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்த இடத்தில் பாரத்தைப் போடுவது என்பதெல்லாம் அந்த இழுப்புக்காகவே வாய்த்தவை.

பகலில் கயிறுகளைக் காட்டிக்கொடுத்த மாமா ஒரு அமாவாசை இரவில் என்னை எழுப்பினார். “எல, தாமானைப் பிடி.” தடவிப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன். “அது தாமான்னு எப்படித் தெரியும்?” “முறுக்கு பெருசு மாமா, ஈரமா இருக்கு.” “சரி, அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு. அதுல நடுக்கம் வந்தா என்னைக் கூப்பிடு.” அரைமணி நேரம் கையில் கயிற்றோடு நின்றேன். பாயின் ஓரம் படபடக்கத் தொடங்கினால், அந்தச் சத்தம் காதுக்கு வரும் முன்பே கயிற்றில் ஒரு நடுக்கம் தெரியும். காற்று திசை மாறுகிறது, அல்லது சுக்கானி கண்ணயர்கிறான் என்று அதற்கு அர்த்தம். பெரும் மழைக்காற்று வரும்போதும் இதே கயிறுதான் உயிர் காக்கும். தூரத்தில் கடல் வெளுத்துக் கோடாகத் தெரியும், ஒரு குளிர் மூச்சு முகத்தில் படும். அந்த மூச்சு பட்டதும் தாமானைத் தளர்த்திப் பாயிலிருந்து காற்றை வெளியே விட வேண்டும், பிறகு பருமலை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தோணி சாய்ந்துவிடும். இதைத் தவிர புயலைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. புயலில் வேலை கொஞ்ச நேரம்தான், பயம்தான் நீளம்.

சரக்கும் ஒரு பாடம். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். மூட்டைகளுக்கு இடையே சந்து விட்டு அடுக்கி, மழை இல்லாத நேரமெல்லாம் மேல்மூடியைத் திறந்து வைக்க வேண்டும். உப்புக்கு ஈரம் ஆகாது. ஓடு ஏற்றினால் படுக்க வைக்கக் கூடாது, குத்துக்குத்தாக நிறுத்தி, வைக்கோல் செருகி, அசையாமல் இறுக்க வேண்டும். எந்தச் சரக்கானாலும் நடுக்கடலில் நகரக் கூடாது. நகர்ந்த பாரம் தோணியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டால் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். சரக்கில்லாமல் திரும்ப நேர்ந்தால் அடிபாரத்துக்கு மணல் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவோம். வெறும் தோணி பாயைத் தாங்காது.

நல்ல வாடை இருந்தால் ஒன்றரை நாளில் கொழும்பு. ஆனால் காற்று எங்களிடம் சம்பளம் வாங்குகிற ஆள் இல்லையே. கொழும்புக் கடலில் காற்று செத்துப்போனால் தோணி கட்டிப்போட்டது மாதிரி நிற்கும். அலை மட்டும் நிற்காது. பாயில் காற்றில்லாமல் தோணி உருளும்போது பருமல் இப்படியும் அப்படியும் அடித்துக்கொள்ளும், கயிறுகள் மரத்தில் உரசி அறுந்துபோகப் பார்க்கும். பாயை இறக்கிவிட்டு, உரசுகிற இடங்களில் பழைய கித்தானைச் சுற்றுவோம். உள்ளங்கையில் தோல் மாட்டி, மெழுகு தடவிய நூலைக் கோணூசியில் கோத்துப் பாயின் கிழிசல்களைத் தைப்போம். அறுந்த கயிற்றின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பின்னுவோம். பாய்க்கப்பல் வேலை என்றதும் மரத்தின் மேல் ஏறி நிற்கிற ஆளைத்தான் எல்லாரும் கற்பனை செய்கிறார்கள். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி தையலிலும் பின்னலிலும்தான் போனது.

அந்தச் சும்மா இருப்பில் ஆபத்தும் உண்டு. காற்று நின்றாலும் நீவாடு நிற்காது. கடலுக்குள் ஓடும் அந்த நீரோட்டம் வடக்கிலிருந்து வந்தால் வாநீவாடு, தெற்கிலிருந்து வந்தால் சோநீவாடு. தோணி நகராமல் நிற்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும், காலையில் கணக்குப் பார்த்தால் இருபது மைல் தள்ளிப்போயிருக்கும். எங்கே இருக்கிறோம் என்று அறிய ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவோம். கயிற்றைக் கை விரித்துப் பாகம் பாகமாக அளந்தால் ஆழம் தெரியும். குண்டின் அடிக்குழியில் மெழுகு அப்பியிருக்கும். அதில் ஒட்டிவருவது மணலா, சேறா, சிப்பித்தூளா என்று மாமா விரலில் தேய்த்துப் பார்ப்பார், சில சமயம் நாக்கில் வைத்தும் பார்ப்பார். “சிலாபத்துக்கு நேரா நிக்கோம். இன்னும் தெற்க பிடி” என்பார். மறுநாள் விடியலில் வானம் தெளிவாக இருந்தால் கரை தெரியும் முன்பே கிழக்கே கூம்பு மாதிரி ஒரு மலை தெரியும். 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலை. வெயில் ஏறினால் பனிமூட்டத்தில் அது மறைந்துவிடும். அதனால் விடிகாலைக் காவலுக்குக் கண் நல்ல ஆளைத்தான் போடுவார்கள்.

இரவில் எங்கள் பெரிய பயம் காற்றில்லை, கப்பல்கள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று மண்ணெண்ணெய் விளக்குகள் எரியும். பாயில் ஓடுகிற கப்பலுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது கடல்விதி. அவன் நம்மைப் பார்த்தால்தானே வழிவிடுவான்? கப்பலின் சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் அது நேராக நம்மேல் வருகிறது என்று பொருள். அப்போது கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கிக் கொளுத்தி, பாயில் வெளிச்சம் விழும்படி தூக்கிப் பிடிப்போம். கறுப்புக் கடலில் திடீரென்று ஒரு வெள்ளைப் பாய் முளைப்பதைப் பார்த்துக் கப்பல் ஒதுங்கும். தீயையும் பாயையும் அவ்வளவு நெருக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷங்களில் பண்டாரிப் பையனாக நான் கற்ற காற்றுத் திசை மறுபடியும் பயன்பட்டது.

கொழும்பில் இறங்கினால் முதலில் கொச்சிக்கடை அந்தோணியார் கோயில். கடலில் சாயங்காலம் தவறாமல் செபமாலை சொன்ன கூட்டம் கரையில் மெழுகுவர்த்தி வாங்காமல் இருக்குமா? பிறகு சரக்கு இறங்கும்வரை காத்திருப்பு. எங்கள் வெங்காயமும் மிளகாயும் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குப் போகும். பிந்தி வந்த தோணியின் வெங்காயம் முளைவிட்டிருந்தால் வியாபாரி மூட்டையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். காற்று இல்லாததற்கு யார் பொறுப்பு என்று அவரிடம் கேட்க முடியாது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தக் கடைத்தெருவில் எங்களுக்குத் தெரிந்த முகங்கள் பல காணாமல் போயின. கொழும்பு நடையும் முன்போல் இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி ஓடாது. அப்போதுதான் அடிவேலை நடக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சந்தில் பழைய பஞ்சைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சுத் திரியை உளி வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள் கலப்பத்துக்காரர்கள். பஞ்சு சரியாக நிறைந்ததா என்று அவர்கள் பார்ப்பதில்லை, கேட்பார்கள். தொடக்கத்தில் மந்தமாக ஒலிக்கும் அடி, சந்து நிறைய நிறையக் கணீரென்று மாறும். அதோடு நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு அடி கூடினால் பலகை விலகும், ஒரு அடி குறைந்தால் தண்ணீர் ஊறும். மேலே குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுவார்கள். மரப்புழு துளைக்காமல் அடிப்பலகைக்குச் சுண்ணாம்புக் கலவை, மேல்பலகைக்கு மீனெண்ணெய். இவ்வளவு செய்தாலும் மரக்கப்பல் ஊறத்தான் செய்யும். காவல் மாறும்போதெல்லாம் உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று அளந்து இறைப்போம். அளவு நேற்றைப் போலவே இருந்தால் நிம்மதி. ஒரு விரல் கூடினால் யாரும் தூங்க மாட்டோம்.

தோணிக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓடாத மாதங்களில் சம்பளம் கிடையாது. மளிகைக் கடைப் பற்று ஏறும், முதலாளியிடம் முன்பணம் வாங்குவோம், அடுத்த நடையின் கூலி கடனுக்கே போகும். கடலில் இருக்கும் தோணியிலிருந்து வீட்டுக்குச் செய்தி வராது. வழியில் பார்த்த இன்னொரு தோணி கரைக்கு வந்து சொன்னால்தான் உண்டு. காணாமல் போன தோணிகளும் உண்டு. அவற்றில் போனவர்களின் மனைவிகள் எத்தனை வருஷம் கழித்து வெள்ளைச் சேலை கட்டுவது என்று தெரியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ‘கொற்கை’ நாவலில் ஜோ டி குருஸ் இந்தத் தோணி உலகின் உயர்வையும் சரிவையும் எழுதி, 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்தக் கதைகளை அங்கே படித்துக்கொள்ளலாம். இன்ஜின் வந்தது நல்லதற்கே. ரேடியோவும் பிறகு ஜி.பி.எஸ்ஸும் வந்தது அதைவிட நல்லது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

ஆனால் இன்ஜின் வந்தபின் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாலத்தீவில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், நான் அப்போது இருந்த தோணியின் இன்ஜின் நின்றது. குளிர்தண்ணி பம்பு போய்விட்டது. டிரைவர் கீழே போராடிக்கொண்டிருந்தார். ஓட்டம் நின்ற கப்பலுக்குச் சுக்கான் வேலை செய்யாது. தோணி அலைக்குக் குறுக்கே திரும்பிப் படுத்துக்கொண்டு, விளிம்பு நனையும்வரை உருண்டது. ஒவ்வொரு உருளலிலும் அடிபாரம் இடம் மாறப் பார்த்தது. பாய் எங்கே என்று தேடினோம். தோணியின் முன்பக்கத்தில், அணியத்துச் சாமான் அறையில் பெயிண்டு டப்பாக்களுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. முதலாளி அதைச் சோதனைக்குக் காட்டுவதற்காக வாங்கிப் போட்டதோடு சரி. எலி கடித்திருந்தது. ஆஞ்சான் ஓட வேண்டிய கப்பி துருவேறி இறுகியிருந்தது. தளத்தில் நின்ற இளைஞர்கள் கடலுக்குப் பயப்படாதவர்கள், நல்ல உழைப்பாளிகள். எந்தக் கயிறு எங்கே போகும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

என்னோடு இருந்த இன்னொரு பழைய ஆளும் நானும் கப்பியை மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டிச் சுழல வைத்தோம். கிழிந்த இடத்தைச் சாக்கு வைத்துத் தைத்தோம். முன்மரத்தில் அந்தச் சின்னப் பாயை ஏற்றித் தாமானைக் கட்டியதும் தோணி மெதுவாகத் தலையைத் திருப்பியது. மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் ஓடவில்லை. அது போதும். ஓட்டம் வந்தால் சுக்கான் பேசும், சுக்கான் பேசினால் அலையை எந்த விலாவில் வாங்குவது என்பதை நாம் முடிவு செய்யலாம். உருளல் அடங்கியது. டிரைவர் ஆடாத இடத்தில் நின்று பம்பைக் கழற்றி மாட்டினார். அந்த இளைஞர்களில் ஒருவன் என்னிடம், “ஏன் அண்ணாச்சி, இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரலை?” என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயம். 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பாய்க்கப்பலுக்கு வகுத்த இலக்கணம் இதுதான்: இன்ஜின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாயை மட்டும் நம்பி ஓடும் அளவுக்குப் பாய் இருக்க வேண்டும். பாயின் அளவை அளந்து பார்க்க முடியும். அதை ஏற்றத் தெரிந்த கை எத்தனை என்று அளக்கிற சோதனை எதையும் என் காலத்தில் நான் பார்த்ததில்லை.

ஆகவே இப்போது தோணி ஏறப்போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினைக் கற்றுக்கொள்ளுங்கள், சோறு போடுவது அதுதான். ஆனால் ஏறிய முதல் நாளே அந்தப் பாய் மூட்டையைப் பிரித்து வெயிலில் காயப்போடுங்கள். கப்பி சுழல்கிறதா என்று பாருங்கள். காற்று மந்தமாக உள்ள ஒரு பகலில், கரை தெரிகிற தூரத்தில், தண்டலிடம் கேட்டு இன்ஜினை நிறுத்தி ஒருமுறை பாயை ஏற்றி இறக்குங்கள். அரை நாள் வீணாகிறது என்று முதலாளி சத்தம் போட்டால் போடட்டும். பழைய கலாசிகள் இன்னும் சிலர் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கயிறு பின்னக் கற்றுக்கொடுப்பார்கள். போய்க் கேளுங்கள்.